வினாவும் விடையும்: குழந்தைகளின் கருத்துப் பரிமாற்றத் திறன் வளர்ச்சி

0. முன்னுரை

பள்ளியில் சேரும் வயதிற்குள் குழந்தை தன் தாய்மொழியின் அடிப்படை இலக்கணத்தைப் பெரும்பாலும் கைவரப் பெற்றுவிடுகிறது. ஆயினும், இலக்கணம் கைவந்த குழந்தை எல்லாச் சூழலிலும் பேசவல்ல குழந்தை ஆகிவிடுவதில்லை. யாரிடம், எப்போது, எதனை, எவ்வாறு கூறுவது என்னும் அறிவும் மொழியறிவின் பகுதியே என்பதை டெல் ஹைம்ஸ் 1972இல் வெளிவந்த தம் கட்டுரையில் வலியுறுத்தினார். இவ்வறிவே கருத்துப் பரிமாற்றத் திறன் எனப்படுகிறது.

வீட்டில் ஓயாது பேசும் குழந்தை வகுப்பறையில் ஒரு சொல்லோடு நின்றுவிடுவதுண்டு. இதனைக் கூச்சம் என்றோ சொல்வளக் குறைவு என்றோ கொள்வது வழக்கம். குழந்தையிடம் கேட்கப்படும் வினாவின் தன்மையும் இதற்கு ஒரு காரணமாகும். இதனை நன்னூலின் வினா விடைப் பாகுபாட்டின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

1. வினா வகைகள்

நன்னூல் சொல்லதிகாரப் பொதுவியலில் பவணந்தியார் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாக வகுக்கிறார். இப்பாகுபாடு வினாவின் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டதன்று. வினவுபவரின் அறிவு நிலையையும் நோக்கத்தையும் அடிப்படையாகக் கொண்டது. ‘இது என்ன?’ என்னும் ஒரே தொடர், விடையை அறிந்தவர் கேட்டால் அறிவினா. அறியாதவர் கேட்டால் அறியா வினா.

அறிவினாவிற்கு ஆசிரியர் மாணவரிடம் நூற்பாவின் பொருளைக் கேட்பதையும், அறியா வினாவிற்கு மாணவர் ஆசிரியரிடம் அதனைக் கேட்பதையும் எடுத்துக்காட்டுவது இலக்கண மரபு. அம்மரபில் கற்றல் சூழலுக்கு இருவகை வினாவும் உரியன. இன்றைய வகுப்பறையிலோ முதல்வகையே மேலோங்கி நிற்கிறது.

2. வகுப்பறை வினாவும் வீட்டு வினாவும்

வகுப்பறை உரையாடல் பெரும்பாலும் ஆசிரியரின் வினா, மாணவரின் விடை, ஆசிரியரின் மதிப்பீடு என்னும் மூன்று உறுப்புகளால் அமைவதைச் சின்க்ளேரும் கூல்தார்டும் 1975இலும், மீஹன் 1979இலும் விளக்கிக் காட்டினர். விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட இரு உரையாடல்களைக் காண்க.

(அ) ஆசிரியர்: இது என்ன பறவை?
குழந்தை: காக்கா.
ஆசிரியர்: காகம். காகம்னு சொல்லணும்.

(ஆ) தாய்: ஏம்மா சோறு மிச்சம் வச்சிருக்க?
குழந்தை: காக்கா வந்துச்சு.
தாய்: வந்து?
குழந்தை: பக்கத்துல உக்காந்துச்சு. அதுக்குக் கொஞ்சம் போட்டேன். அப்புறம் பெல் அடிச்சுட்டாங்க.

(அ)வில் விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். எனவே குழந்தை ஒன்றையும் தெரிவிக்கவில்லை. தான் அறிந்திருப்பதை மெய்ப்பிக்கிறது. அதற்கு ஒரு சொல்லே போதும். அச்சொல்லும் பேச்சு வழக்கினது என்பதால் திருத்தப்படுகிறது. (ஆ)வில் தாய் கேட்பது அறியா வினா. கேட்பவருக்குத் தெரியாதது எது என்பதை உணர்ந்து, நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி, ‘அதுக்கு’, ‘அப்புறம்’ போன்ற இணைப்புகளால் கோத்துச் சொல்ல வேண்டிய தேவை குழந்தைக்கு எழுகிறது. தாய் கூறும் ‘வந்து?’ என்னும் வினையெச்சமும் கருதத்தக்கது. முற்றுப்பெறாத அச்சொல், தொடரை முடிக்கும் பொறுப்பைக் குழந்தையிடம் ஒப்படைக்கிறது.

3. விடையின் முழுமை

விடை எட்டு வகைப்படும் என்கிறது நன்னூல். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் நேரடியாக விடை கூறாவிடினும் விடைப்பொருளைத் தருவதால் ஏற்கப்படுகின்றன. ‘விளையாட வரியா?’ என்பதற்குக் ‘கால் வலிக்கும்’ என்பது உறுவது கூறல். மறுப்புச் சொல் இல்லாமலே மறுப்பு உணர்த்தப்படுகிறது. கிரைஸ் 1975இல் உரையாடல் உட்கிடை என விளக்கிய பண்பு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. இவ்வாறு விடை கூறவும், கேட்டதை உய்த்துணரவும் வல்ல குழந்தை கருத்துப் பரிமாற்றத்தில் முன்னேறிய குழந்தையே.

‘முழு வாக்கியத்தில் விடை கூறுக’ என்னும் பயிற்சிக் குறிப்பு இந்நோக்கில் ஆய்வுக்குரியது. ‘அப்பா வந்தாரா?’ என்பதற்கு ‘வந்தார்’ என்பதே தமிழில் இயல்பான, நிறைவான விடை. எழுவாய் தோன்றாமை இங்குக் குறையன்று. ஆங்கிலப் பயிற்சிநூலின் விடையமைப்பைப் பின்பற்றி ‘ஆம், அப்பா வந்தார்’ என ஒவ்வொரு முறையும் சொல்லவைப்பது, எழுத்துப் பயிற்சியைப் பேச்சின் அளவுகோலாக்குவதாகும். பாடநூல் மொழிபெயர்ப்பாளர்கள் இத்தகைய குறிப்புகளைச் சொல்லளவில் பெயர்க்காது, தமிழ் உரையாடல் மரபிற்கேற்ப மாற்றியமைத்தல் வேண்டும்.

4. பண்பாட்டு வேறுபாடு

அறிவினா எல்லாக் குடும்பங்களுக்கும் பழக்கமானதன்று. அமெரிக்கக் கரோலினாப் பகுதியில் டிராக்டன் என்னும் புனைபெயரால் குறிக்கப்பட்ட கறுப்பினத் தொழிலாளர் சமூகத்தை ஆராய்ந்த ஷெர்லி பிரைஸ் ஹீத், அங்குப் பெரியவர்கள் தமக்கு விடை தெரிந்த வினாக்களைக் குழந்தைகளிடம் அரிதாகவே கேட்டனர் என 1983இல் வெளியிட்ட நூலில் காட்டினார். ஒன்று எதனைப் போன்றது என ஒப்பிட்டுக் கூறும் திறன் அக்குழந்தைகளுக்கு இருந்தது. பள்ளியில் பொருளின் பெயரையும் நிறத்தையும் கேட்டபோது, கேள்வியின் நோக்கம் அவர்களுக்கு விளங்கவில்லை.

இந்தியச் சூழலில் இது பெரிதும் எண்ணத்தக்கது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இயலும் இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுமொழியே பயிற்றுமொழியாக அமையப் பரிந்துரைக்கிறது. மொழி வீட்டினுடையதாயினும், வினவும் முறை வேற்றிடத்ததாயின் குழந்தையின் மௌனம் தொடரக்கூடும். அம்மௌனம் அறியாமையாக மதிப்பிடப்படுமாயின், அதன் விளைவு அக்குழந்தையின் கல்வி முழுவதையும் பாதிக்கும். அறிவினாவை விலக்குவது இதற்குத் தீர்வன்று. தேர்வுமுறை அதனையே சார்ந்துள்ளது. அதன் நோக்கத்தைக் குழந்தைக்குப் புலப்படுத்துவதும், ஏனைய வினாக்களுக்கு இடமளிப்பதுமே தேவை.

5. நடைமுறைகள்

முதலாவது, காத்திருத்தல். ஆசிரியர்கள் வினவிய பின் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருந்ததை மேரி பட் ரோ 1974இல் சுட்டினார். அது மூன்று நொடிக்கு மேல் நீண்டபோது விடைகள் நீண்டன, விடையின்மை குறைந்தது.

இரண்டாவது, குழந்தைக்கான விடையைப் பிறர் கூறாதிருத்தல். விருந்தினர் குழந்தையிடம் பெயர் கேட்கத் தாய் முந்திக்கொண்டு விடையளிப்பது பயிற்சி வாய்ப்பை இழக்கச் செய்கிறது.

மூன்றாவது, திருத்தத்திற்குப் பதில் விரிவாக்கம். ‘காக்கா பறந்துச்சு’ எனும் குழந்தையிடம், ‘ஆமா, காகம் பறந்து மரத்துல உக்காந்துச்சு’ எனும்போது எழுத்து வழக்குச் சொல்லும் அறிமுகமாகிறது, பேச்சும் அறுபடுவதில்லை.

நான்காவது, செய்தி சொல்லி அனுப்புதல். ‘நான் சாயங்காலம் வரேன்னு அத்தைகிட்ட சொல்லிட்டு வா’ எனத் தாய் அனுப்ப, குழந்தை அங்கு ‘அம்மா சாயங்காலம் வராங்களாம்’ என்கிறது. இச்சிறு தொடரில் தன்மை படர்க்கையாகிறது. வினைவிகுதி மரியாதைப் பன்மை ஏற்கிறது. கேட்டுச் சொல்லும் செய்தி என்பதை ‘ஆம்’ என்னும் இடைச்சொல் உணர்த்துகிறது. அத்தையின் மறுமொழியைக் கொண்டுவரும்போது இம்மாற்றங்கள் மீண்டும் நிகழ்கின்றன. செலவற்ற இவ்வழக்கத்தைக் கைப்பேசி குறைத்துவரும் நிலையில், பள்ளிகள் இதனை வகுப்புகளிடையே செய்தி கொண்டுசெல்லும் பயிற்சியாக மேற்கொள்ளலாம்.

6. முடிவுரை

குழந்தையின் பேச்சை மதிப்பிடுமுன் அதனிடம் கேட்கப்பட்ட வினாவை மதிப்பிடல் வேண்டும். விடை யாரிடம் உள்ளது என்பதே அதற்குரிய அளவுகோல். கேட்பவர் அறியாத ஒன்றைக் கூறும்போதுதான் குழந்தை பிறருக்குப் புரியுமாறு பேசக் கற்கிறது. தான் அறியாததைத் தடையின்றிக் கேட்கும்போது அத்திறன் நிறைவடைகிறது. எனவே மாணவர் ஆசிரியரை வினவும் அறியா வினாவிற்கு ஒவ்வொரு பாடவேளையிலும் இடம் ஒதுக்கப்படுதல் இன்றியமையாததாகும்.