சாயங்காலம் கிழக்கே பாருங்கள்

மெரினாவுக்கும் மாமல்லபுரத்துக்கும் கேமராவோடு வருகிறவர்களில் பலருக்கு விடியற்காலைதான் கணக்கு. கடலிலிருந்து சூரியன் எழுவதை எடுத்துவிட்டு, வெயில் ஏறியதும் கிளம்பிவிடுவார்கள். இடிமேகத்தைப் படம்பிடிக்க ஆசை இருந்தால், ஆவணி, புரட்டாசி மாதங்களில் சாயங்காலம் வந்து நில்லுங்கள்.

அந்த மாதங்களில் பகல் வெப்பத்தில் உள்மாவட்டங்களில் மேகம் திரள்கிறது. உள்ளே நுழையும் கடற்காற்று அதை இன்னும் மேலே கிளப்பிவிடும். மேலடுக்குக் காற்று மேற்கிலிருந்து வீசுவதால், மேகம் கரைப்பக்கம் நகர்ந்து மழையைக் கொட்டிவிட்டுக் கடலுக்குள் போய்விடுகிறது. பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் இது நடக்கும். சில நாள் முந்திக்கொண்டு, ஐந்து மணிக்குள் மழை கடந்துவிட்டால் நமக்கு யோகம். மேற்கு வானம் திறந்து, சாய்ந்த வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராக மேகத்தின் முகத்தில் விழும். 15 கிலோமீட்டருக்கும் மேல் வளர்ந்து நிற்கும் மேகத்தின் அடியில் மை நிறம், உச்சியில் பவழ நிறம். வானவில் எப்போதும் சூரியனுக்கு எதிர்த்திசையில் தோன்றுவது. அதனால் அதுவும் கடல்மேலேயே நிற்கும். கேரளக் கரையில் சாயங்காலச் சூரியன் கடற்பக்கத்து மேகத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. அங்கே கிடைக்கும் வெள்ளி விளிம்பும் அழகுதான். ஆனால் இந்த நிறங்கள் நம் பக்கத்துச் சொத்து.

ஐப்பசி, கார்த்திகையில் கதை மாறிவிடும். கொண்டல் காற்றில் கடல்மேகங்கள் பின்னிரவிலும் விடியலிலும் கரையேறும். அப்போது அதிகாலைக்காரர்கள் சொல்வதே சரி.

கேமராவைத் தானியங்கியில் விட்டால் கறுத்த மேகத்தை வெளிறிய சாம்பலாக்கிவிடும். வெளிச்சமான பகுதிக்கு எக்ஸ்போஷரை வைத்து, ஒரு ஸ்டாப் குறைத்து, ‘ரா’ கோப்பாக எடுங்கள். ஒயிட் பேலன்ஸ் பகல் வெளிச்சத்திலேயே நிற்கட்டும். இல்லாவிட்டால் அந்த மை நீலத்தைக் கேமராவே ‘திருத்தி’விடும். லென்ஸின் முன்கண்ணாடியை அடிக்கடி பாருங்கள். கடல் திவலை காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொட்டாக உப்பு நிற்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் அந்த உப்பே கண்ணாடியைக் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுக்க வேண்டும்.

இரவில் மேகம் கடலுக்குள் வெகுதூரம் போன பிறகு, அதன் வயிற்றுக்குள் மின்னல் ஓடுவதை எடுக்கலாம். டிரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப்/8, பத்துப் பதினைந்து விநாடி ஷட்டர். ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இடி காதில் விழுகிற தூரத்தில் மேகம் இருக்கும்போது இந்த வேலை வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடி என்றால் மேகம் 10 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. அடுத்த மின்னல் நம் தலையில் விழலாம். வெட்டவெளி மணலில் நிற்கிற மனிதரைவிட உயரமான பொருள் வேறு இல்லை. கடற்காற்று சட்டென்று நின்று, நிலத்திலிருந்து குளிர்காற்று அடித்தால் மழை வந்தே விட்டது. பையைக் கட்டிவிடுங்கள்.

புயல் கரையைக் கடக்கும் நாளில் கடற்கரைப் பக்கமே போக வேண்டாம். 2018-இல் கஜா போல நள்ளிரவுக்கு மேல் கரையேறுகிற புயலில் படமெடுக்க எதுவும் தெரியாது. பகலிலேயே வந்தாலும் மேகத்துக்கு உருவம் இருக்காது, எங்கும் ஒரே சாம்பல் திரை. படகுகளை மேலே இழுத்துக் கட்டப் பாடுபடும் மீனவர்களுக்கு இடையில் கேமராவோடு நிற்பதும் முறையில்லை.

1850-களில் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலைப் படமெடுத்தபோது வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, அச்சில் ஒன்றாகச் சேர்த்தார். அன்றைய கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கி வானத்தை வெளுக்க வைத்ததால் அவருக்கு வேறு வழி இல்லை. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும், 2020-இல் ஃபோட்டோஷாப்பில் வானத்தை மாற்றும் வசதி வந்த பிறகு, எங்கோ எடுத்த கருமேகத்தை நம் கடல்மேல் ஒட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு மனம் ஒப்பவில்லை. மழையில் நனைந்த ஃபைபர் படகின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். அன்றைக்கு அதன்மேல் இருந்த வானம் அங்கே ஒரு நூல் அகலத்துக்குத் தெரியும். ஒட்டிய மேகம் அங்கே இருக்காது.