குறிப்புக்கு ஊரும் பேரும் வேண்டும்

திருப்பூர் மண்ணரையில் ஊத்துக்குளி சாலையோர டீக்கடைகளில், பனியன் கம்பெனிகளுக்கு டீ டைம் விட்டதும் கூட்டம் சேர்ந்துவிடும். ஓவர்லாக் ஓட்டுபவர், சிங்கர் டைலர், செக்கிங், பேக்கிங் என்று எல்லாரும் பெஞ்சுக்கு வருவார்கள். அந்தக் கால்மணி நேரப் பேச்சில் பாதி யோசனைதான். மூட்டுவலிக்கு எந்த வைத்தியர், கரண்ட் பில் ஏன் ஏறியது, எந்தக் கம்பெனியில் சம்பளம் சனிக்கிழமை தவறாமல் வருகிறது. இப்போது அந்தப் பேச்செல்லாம் வாட்ஸ்அப்பிலும் ஓடுகிறது.

அப்படி ஒரு டீ டைமில், செக்கிங்கில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போனை நீட்டினான். "இது நெசந்தானுங்களாண்ணா? அம்மா செஞ்சு பார்க்கலாம்ங்கறாங்க." பிளீச்சிங் பவுடரில் பாத்ரூம் ஆசிட்டைக் கலந்து ஊற்றினால் டைல்ஸ் பளிச்சென்று ஆகுமாம். குடும்பக் குழுவில் வந்ததாம்.

"வேண்டாம் கண்ணு. இப்பவே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிரு" என்றேன். இரண்டையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்னக் குளியலறையில் அது தொண்டையையும் நுரையீரலையும் தாக்கும்; அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. பிளீச்சிங் பவுடர் தனியாகவும் சுத்தம் செய்யும், ஆசிட் தனியாகவும் சுத்தம் செய்யும். அதனால்தான் கேட்பவருக்குச் சந்தேகமே வருவதில்லை. இரண்டு நல்லதைச் சேர்த்தால் இன்னும் நல்லதுதானே என்று மனசு போய்விடுகிறது.

அவன் போன் பேசி முடித்துவிட்டு வந்து, "அப்போ எதைத்தான் நம்பறதுங்க?" என்றான். அதற்குப் பதில் அவன் வேலை பார்க்கும் இடத்திலேயே இருந்தது.

தைக்கும்போது ஊசி விரலில் ஏறி, வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு ரத்தம் பட்டுவிடும். பழகிய அக்கா ஒருவர் உடனே பச்சைத் தண்ணீரில் நனைத்துக் கசக்குவார். "சுடுதண்ணி ஊத்தீராதீங்க அம்மிணி, கறை அங்கியே ஒக்காந்துக்கும்" என்று பக்கத்து மெஷின்காரிக்கும் சொல்வார். காரணம் உண்டு. ரத்தத்தில் இருப்பது புரதம். கொதிநீரில் முட்டை வெள்ளைக்கரு கெட்டியாவதுபோல, சூடு பட்டால் அதுவும் நூலிழையோடு இறுகிவிடும். அக்காவுக்குப் புரதம் என்ற பேர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் யோசனை நம்பத்தக்கதாக இருப்பதற்குக் காரணம் வேறு. செய்து பார்த்தவரே சொல்கிறார், கறை காயும் முன் சொல்கிறார், எந்தத் துணி என்பதும் கண்முன் இருக்கிறது. தவறிப்போனால் நாளைக்கும் அதே மெஷினில்தான் உட்கார்ந்திருப்பார், போய்க் கேட்கலாம்.

இந்த விவரங்களை உருவிவிட்டால் நல்ல யோசனையே கெடுதல் செய்யும். வெள்ளைக் காட்டன் பனியனில் விடாப்பிடியான கறைக்குக் குளோரின் பிளீச் கேட்கும். அதையே லைக்ரா கலந்த துணியில் போட்டால் வெள்ளை மஞ்சளாகும், இழுவை செத்துப்போகும். சொன்னவர் பொய் சொல்லவில்லை. "காட்டனுக்கு" என்ற ஒரு சொல்தான் வழியில் விழுந்துவிட்டது.

இந்த விவரம் விழாமல் காப்பதை நம் பெண்கள் பத்திரிகைகள் பல வருடங்களாகச் சரியாகச் செய்தன. வாசகிகள் அனுப்பும் வீட்டுக் குறிப்புக்குக் கீழே அனுப்பியவர் பெயரும் ஊரும் அச்சாகும். அச்சேறுமுன் ஆசிரியர் குழுவில் ஒருவராவது படித்திருப்பார். அந்த ஒற்றை வரிக்கு எவ்வளவு மதிப்பு என்பது, அது இல்லாமல் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பாத்ரூம் குறிப்போடு இது நின்றிருந்தால் இவ்வளவு சொல்ல மாட்டேன். 2023 மார்ச் தொடக்கத்தைத் திருப்பூரில் யாரும் மறந்திருக்க முடியாது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு மறுத்துப் பேசியதைக் கவனமாகக் கேட்க வேண்டும். பரவிய இரண்டு வீடியோக்களில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களே இரு குழுவாக மோதிக்கொண்டது. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். இரண்டுமே முன்பு நடந்தவை, இரண்டிலும் தமிழர் வடமாநிலத்தவரைத் தாக்கவில்லை. காட்சிகள் நிஜம். யார், எங்கே, எப்போது என்பது மட்டும் கழன்று, அந்த இடத்தில் வேறொன்று ஒட்டப்பட்டிருந்தது.

அந்த வருடம் ஹோலி மார்ச் 8-ஆம் தேதி. பண்டிகைக்கு ஊருக்குப் போனவர்களின் ரயில் கூட்டமும் தப்பியோடும் கூட்டமாகக் காட்டப்பட்டது. விவகாரம் பீகார் சட்டமன்றம் வரை போய், அங்கிருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களிடம் விசாரித்தது. ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தவர்கள் அந்த நாட்களில் ஒருவர் முகத்தை ஒருவர் தயக்கத்தோடு பார்த்ததுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

அதற்கு 5 வருடம் முன்பு, 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த மூதாட்டி வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் செய்தியைப் படித்திருந்த ஊர் அவரை அடித்தே கொன்றுவிட்டது. அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் நம் பிள்ளைகள் பத்திரமாக இருக்கட்டும் என்றே நினைத்திருப்பார்கள்.

இப்படிப்பட்ட கொலைகளுக்குப் பிறகுதான் 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 பேர் அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. செய்திக்கு மேலே ஒற்றை அம்புக்குறி இருந்தால் வேறு எங்கிருந்தோ வந்தது என்று பொருள். இரட்டை அம்புக்குறி என்றால் முதலில் எழுதியவரிடமிருந்து 5 கையாவது மாறி வந்திருக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து அதை ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான் அனுப்ப முடிகிறது. ஆனால் யாராவது எழுத்தை நகலெடுத்து ஒட்டி அனுப்பினால் அம்புக்குறி போய்விடும். அவரே எழுதியது போலத் தோன்றும். அதனால் அம்பு இல்லையென்றாலும், "இதை நீங்க செஞ்சு பாத்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது. வீடியோவாக இருந்தால் கடைப் பலகை என்ன மொழியில் இருக்கிறது, வண்டி நம்பர் எந்த மாநிலம் என்று பாருங்கள். ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடினால் பழைய வீடியோ பல நேரம் மாட்டிக்கொள்ளும்.

அபிப்பிராயத்துக்கும் இதே கணக்குதான். "அந்தக் கம்பெனியில் பீஸ் ரேட் சரியில்லை" என்று குழுவில் ஒருவர் எழுதுகிறார். ரவுண்ட் நெக் தைத்தாரா, காலர் தைத்தாரா, எந்த மாதம் என்று சொன்னால் வேலை தேடுகிறவருக்கு அது சோறு போடும் தகவல். வெறுமனே எழுதினால் எரிச்சல் மட்டும்தான் போய்ச் சேரும். "எனக்கு இப்படி நடந்தது" என்பதோடு நிறுத்திக்கொள்பவரின் பேச்சை நான் எப்போதும் கூடுதலாக நம்புகிறேன்.

அந்தத் தம்பி டீ டம்ளரை வைத்துவிட்டு, "குழுவுல போட்ட சித்தியத் திட்டவாங்கண்ணா?" என்றான். திட்ட வேண்டாம், அவர் நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார் என்றேன். அனுப்பிய செய்தியை இரண்டு நாட்களுக்கும் சற்றுக் கூடுதலான நேரம் வரை எல்லாருக்குமாக அழிக்க முடியும். ஆனால் அழித்தால் மட்டும் போதாது. படித்தவர் மனதில் அது தங்கியிருக்கும், இந்நேரம் ஒருவர் பிளீச்சிங் பவுடர் வாங்கிக்கூட வைத்திருப்பார். நீங்களும் அப்படி எதையாவது அனுப்பியிருந்தால், அதே குழுவில் உங்கள் பெயரிலேயே எழுதுங்கள்: "நேத்து நான் அனுப்புனது தப்புங்க, யாரும் செய்யாதீங்க."