உங்களுக்குத் தெரியுமா? ஒரே சமன்பாடு, 24 வேடங்கள்

பள்ளியில் படித்த ஊசல் சூத்திரம் சின்ன ஆட்டத்துக்குத்தான் சரி. 90 பாகை வரை தூக்கி விட்டால் அலைவு நேரம் சுமார் 18 சதவீதம் கூடிவிடும். அந்தச் சரியான கணக்கைத் தருவது ஹைப்பர்ஜியோமெட்ரிக் சார்பு. மடக்கையும் அதே குடும்பம்தான்.

1812-இல் கணிதவியலர் காஸ் இந்தச் சார்பை விரிவாக ஆராய்ந்தார். 1836-இல் எர்ன்ஸ்ட் கும்மர் இதன் வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு 24 தீர்வுகளை எழுதிக் காட்டினார். அப்போது அவர் பேராசிரியர்கூட இல்லை. லீக்னிட்ஸ் ஊரில் (இன்றைய போலந்தின் லெக்னிட்சா) பள்ளி ஆசிரியர்!

இரண்டாம் வரிசைச் சமன்பாட்டுக்கு இரண்டு தீர்வுகள் போதுமே, 24 எதற்கு? இந்தச் சமன்பாடு 0, 1, முடிவிலி ஆகிய மூன்று இடங்களில் மட்டும் முரண்டு பிடிக்கும். அந்த மூன்றையும் தங்களுக்குள் இடம் மாற்ற 6 வழிகள். நீங்களே செய்து பார்க்கலாம்: 3-ஐ எடுங்கள். 1-இலிருந்து கழியுங்கள்: −2. தலைகீழாக்குங்கள்: −1/2. மறுபடி கழித்தால் 3/2, தலைகீழாக்கினால் 2/3, கழித்தால் 1/3, தலைகீழாக்கினால்... பழைய 3! எவ்வளவு சுற்றினாலும் ஏழாவது எண் வராது. ஆறு வடிவங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு தீர்வுகள். உண்மையில் வெவ்வேறான சார்புகள் ஆறுதான், மற்றவை மாறுவேடம்.

வேடத்தால் லாபமும் உண்டு. 2-இன் இயல் மடக்கை 0.6931... அதை 1 − 1/2 + 1/3 − 1/4 என்று கூட்டிப் போனால் பத்து உறுப்புகளுக்குப் பிறகும் 0.6456-இல்தான் நிற்போம். காஸின் ஆசிரியர்களில் ஒருவரான ஃபாஃப் கண்ட உருமாற்றத்தைப் போட்டால் தொடர் 1/2 + 1/8 + 1/24 + 1/64 என்று மாறும். அதே பத்து உறுப்புகளில் 0.6931 கைக்கு வந்துவிடும்.

ஒரு கனசதுரத்தைச் சுழற்றி அதே இடத்தில் வைக்க 24 வழிகள். கும்மரின் தீர்வுகளுக்குப் பின்னால் இருப்பதும் அதே சமச்சீர்க் குலம்தான் என்று 2005-இல் எளிமையாகக் காட்டியவர்களில் ஒருவர், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் கே. சீனிவாச ராவ். இணைந்து எழுதிய இருவரும் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தினர்.

இந்தக் கதையில் ராமானுஜனுக்கும் இடம் உண்டு. கணிதவியலர் டூகல் 1907-இல் வெளியிட்ட ஹைப்பர்ஜியோமெட்ரிக் சூத்திரத்தை ராமானுஜன் தாமாகவே கண்டுபிடித்துத் தம் நோட்டுப் புத்தகத்தில் குறித்திருந்தார். அவரைப் பற்றிய 1940-ஆம் ஆண்டு நூலில் கணிதவியலர் ஹார்டி இன்னொன்றையும் சுட்டினார்: அடுத்த படி ஹைப்பர்ஜியோமெட்ரிக் தொடரைப் பற்றிக் கணிதவியலர் தோமே 1879-இல் கண்ட உறவில் ஒளிந்திருப்பது ஐந்து பொருள்களின் சமச்சீர். அங்கே இடம் மாற்றும் வழிகள் 120.