ஆயரின் ஆசனமும் பங்குகளின் வரியும்

கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயருக்குரிய பொருளாதார ஆதரவு உரோமையிலிருந்து வருகிறது என்னும் எண்ணம் பரவலாக உண்டு. பொதுநிலையில் உண்மை இதற்கு மாறானது. பங்கு மக்கள் இடும் காணிக்கையின் ஒரு பகுதி மறைமாவட்டத்தைச் சென்றடைகிறது. ஆயர்களோ தம் மறைமாவட்ட வளத்திற்கேற்ப உரோமைக்கு உதவக் கடமைப்பட்டுள்ளனர். (பங்கு என்பது ஈண்டு ஒரு குருவின் பொறுப்பில் அமைந்த இறைமக்கள் சமூகம், கூறு என்னும் வழக்குப் பொருளும் இவ்விடத்தில் பொருந்திவருவது சுவையானதே.) இக்கொடையைத் திருச்சபைச் சட்டம் எவ்வாறு நெறிப்படுத்தியது என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

தேவாலய வருவாயை ஆயர், குருக்கள், ஏழைகள், கோவிற் கட்டடம் என நான்கு கூறாகப் பகுக்கவேண்டும் எனத் திருத்தந்தை முதலாம் கெலாசியுஸ் 494இல் வலியுறுத்தினார். ஊர்ப்புறக் கோவில்கள் பெருகியபின் சிக்கல் எழுந்தது. அவற்றைப் பார்வையிடச் சென்ற ஆயர்கள் விரும்பியவாறு பொருள் பெறலாயினர். இன்றைய போர்ச்சுக்கல் நாட்டிலுள்ள பிராகாவில் 572இல் கூடிய சங்கம், ஆயர் தம் ஆசனத்திற்குரிய மரியாதையாக ஒரு கோவிலுக்கு இரண்டு பொற்காசுகளுக்கு மேல் பெறலாகாது என விதித்தது. ஆசனத்தைக் குறிக்கும் 'கதீட்ரா' என்னும் சொல்லின் அடியாகவே இவ்வரி 'கதீட்ராட்டிக்கம்' எனப் பெயர் பெற்றது. 646இல் தொலேதோவில் கூடிய ஏழாம் சங்கம் இதே வரம்பை மீண்டும் அறிவிக்க நேர்ந்தது. ஒரு விதி மீண்டும் கூறப்படுவது அது மீறப்பட்டமைக்குச் சான்றாகும்.

வரியோடு விருந்தோம்பற் சுமையும் இருந்தது. பார்வையிட வரும் ஆயரையும் அவர்தம் பரிவாரத்தையும் ஊட்டிப் பேணுவது பங்கின் கடமை. 1179இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் சங்கம், ஆயருடன் வரும் குதிரைகள் இருபது அல்லது முப்பதைத் தாண்டலாகாது என்றது. வேட்டை நாய்களையும் பறவைகளையும் உடன்கொண்டு செல்வதைத் தடுத்தது. முப்பது குதிரைகளே கட்டுப்பாடு எனின், அதற்கு முந்தைய நிலையை ஊகித்துக்கொள்ளலாம். ஆக, இத்துறைச் சட்டங்கள் பங்குகளைக் கொடுக்கச் செய்ததினும் ஆயர்களின் கையை அடக்கவே மிகுதியும் முயன்றன எனலாம்.

1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1504ஆம் விதி, கதீட்ராட்டிக்கத்தை ஆயருக்குக் கீழ்ப்படிதலின் அடையாளமாகச் செலுத்தும் ஆண்டு வரி என்றது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1263ஆம் விதியில் அத்தொடர் இல்லை. 'மறைமாவட்டத்தின் தேவைகள்' என்பதே காரணமாயிற்று. வரி மிதமாகவும் வருவாய்க்கு ஏற்றதாகவும் அமைதல் வேண்டும். தனியாட்கள் மீது, கடுந்தேவை ஏற்பட்டாலன்றி வரி விதித்தல் இயலாது. ஆசனத்திற்குச் செய்த மரியாதை நிறுவனத்திற்கான பங்களிப்பாக மாறியமை இங்குப் புலனாகிறது.

எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. வரி விதிக்குமுன் ஆயர் நிதிக்குழுவின் கருத்தையும் குருக்கள் மன்றத்தின் கருத்தையும் கேட்டல் போதும்; அவற்றின் இசைவு தேவையில்லை. காணிக்கை இடும் மக்களைக் கேட்கவேண்டும் என விதி கூறவில்லை. மக்கள் அளித்த பொருளுக்கு அவர்களிடமே கணக்குக் காட்டவேண்டும் என 1287ஆம் விதி பணிப்பினும், அதன் நடைமுறை அந்தந்த இடத்துச் சட்டத்திற்கே விடப்பட்டுள்ளது.

செருமனியின் நிலை வேறு. அங்கு வருமான வரியின் மீது 8 அல்லது 9 விழுக்காட்டைத் திருச்சபை வரியாக அரசே திரட்டித் தருகிறது. 1803இல் திருச்சபைச் சொத்துகள் பறிக்கப்பட்டமைக்கு ஈடாகப் பல மாநிலங்களில் ஆயர்களின் ஊதியமும் அரசு நிதியைச் சார்ந்துள்ளது. அமெரிக்காவிலோ பங்குகளே மறைமாவட்டத்தின் முதன்மைத் தூண். அங்குள்ள மறைமாவட்டங்கள் சிலவற்றின் கணக்கேடுகளில் இவ்வரி இன்றும் கதீட்ராட்டிக்கம் என்னும் பழம்பெயராலேயே பதியப்படுகிறது.