கழுத்தில் வைத்த கரண்டு

தேக்கா சந்தையில் காய்கறி வாங்கப் போனால் வைத்தியக் கேள்வி ஒன்றும் பைக்குள் வந்து விழும். மெழுகில் பதித்த கட்டித் திசுவை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, டாக்டர் பார்க்கக் கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தருவதுதான் நான் ஓய்வு பெறும்வரை பார்த்த வேலை. அதனால் என்னை விடமாட்டார்கள். போன வாரம் தேங்காய்க்கடை அக்கா.

"தம்பி, என் மவளுக்குச் சின்னப் புள்ளையில கழுத்துல கரண்டு வச்சாங்கல்ல. அந்த நோய் எப்பவோ போயிருச்சு. இப்ப தைராய்டைப் பார்க்கணும்ங்கிறாங்க. எதுக்கு?"

கேட்க வேண்டிய கேள்விதான். அக்கா 'கரண்டு' என்பது கதிர்வீச்சு சிகிச்சையை. பிள்ளைப் பருவத்தில் தைராய்டு செல்கள் வேகமாகப் பெருகும். பெரியவர்களுக்கு அந்த வேகம் இல்லை. கதிர்வீச்சு டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் சேர்த்து அறுத்துவிடும். செல் அவசர அவசரமாக ஒட்டும்போது சில சமயம் முனை மாறிப்போகும். பத்தாவது குரோமோசோமில் 'ரெட்' என்றொரு மரபணு. தைராய்டின் பெரும்பாலான செல்களில் அது அணைந்தே கிடக்கும். அதே குரோமோசோமில் வெகுதூரம் தள்ளி, எந்நேரமும் இயங்கும் வேறொரு மரபணு உண்டு. தூரம் என்பது நீட்டிப் பார்த்தால்தான். செல்லுக்குள் மடிந்து கிடக்கும்போது தைராய்டில் இவை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும் என்று 2000இல் கண்டார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் அறுந்து மாறி ஒட்டினால், புளோக் தாழ்வாரத்தில் அணையாமல் எரியும் விளக்கின் கம்பியை அறை விளக்கோடு இணைத்த கதைதான். ரெட் விழித்துக்கொள்ளும், செல் பெருகிக்கொண்டே போகும்.

இதைப் பெரிய அளவில் காட்டியது உக்ரைனின் செர்னோபில். 1986 ஏப்ரலில் அங்கே அணுவுலை வெடித்தது. கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, மாட்டுப் பால் வழியாகப் பிள்ளைகளின் கழுத்தை எட்டியது. எட்டு நாளில் பாதியாகிவிடும் பொருள்தான், ஆனால் அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அப்போது 18 வயதுக்குக் கீழ் இருந்தவர்களில் 6000க்கும் மேற்பட்டோருக்கு 2005க்குள் தைராய்டு புற்றுநோய் வந்தது. எல்லாமே கதிர்வீச்சால் வந்தவை அல்ல. இறந்தவர்கள் 15 பேர். சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய் என்பதை அக்காவுக்கு முதலில் சொன்னேன்.

உக்ரைனைச் சேர்ந்த 440 பேரின் கட்டிகளை ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். கதிர்வீச்சு எவ்வளவு அதிகமோ, பட்ட வயது எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு இந்த மாறி ஒட்டிய மரபணுக்கள் கூடுதல். குறைவாகப் பட்டவர்களிடம் டிஎன்ஏவில் ஓர் எழுத்து மட்டும் மாறும் பிழை அதிகம். ஆனால் 'இது கதிர்வீச்சின் வேலை' என்று காட்டிக்கொடுக்கும் தனி முத்திரை எந்தக் கட்டியிலும் இல்லை. கதிரே படாத பிள்ளைகளிடமும் இதே ஒட்டல் வருவதுண்டு. நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்பவர்களுக்கு இது கசப்பான செய்தி.

அக்காவின் பயம் வேறு: மறுபடியும் கழுத்தில் கரண்டா? இல்லை, அல்ட்ராசவுண்ட் ஒலி அலைதான், கதிர்வீச்சே கிடையாது என்றேன். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அப்ப பேரனுக்கு ஏதும் வருமா?"

செர்னோபிலில் துப்புரவு வேலை பார்த்தவர்கள், ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் 130 பேரை ஆராய்ந்த முடிவும் 2021இல்தான் வந்தது. பெற்றோரிடம் இல்லாத புதிய மரபணு மாற்றங்கள் அவர்களிடம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இல்லை.