இயந்திரம் புதிது, பெட்ரோல் பழையது!

மாணவர்களே, டர்போ பொருத்திய நான்கு சிலிண்டர் கார் ஒன்று பட்டறையில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதன் இயந்திரத்தை முழுவதுமாகப் பிரித்து, புதிய பிஸ்டன்களையும் வளையங்களையும் போட்டு மீண்டும் பூட்டியிருக்கிறார்கள். வேலை முடிய ஓராண்டு ஆகிவிட்டது. சாவியைத் திருப்பியதும் இயந்திரம் ஓடுகிறது. ஆனால், ஆக்சிலரேட்டரை மிதித்தால் திணறுகிறது.

உரிமையாளர் எதைச் சந்தேகிப்பார்? கடைசியாகச் செய்த வேலையைத்தான். "சரியாகப் பூட்டவில்லை, மறுபடியும் பிரியுங்கள்" என்பார். பிரித்தால் பணமும் வாரக் கணக்கில் நேரமும் போகும். கோளாறு வேறு எங்காவது இருந்தால் அத்தனையும் வீண். ஒன்றுக்குப் பின் மற்றொன்று நடந்தது என்பதாலேயே முதலாவது காரணமாகிவிடாது. அந்த ஓராண்டில் யாரும் தொடாத ஒன்று காரில் இருக்கிறது: எரிபொருள் தொட்டியில் தேங்கிய பெட்ரோல்.

பெட்ரோல் இயந்திரம் நன்றாக ஓட மூன்று தேவை: சரியான காற்று-எரிபொருள் கலவை, சரியான நேரத்தில் தீப்பொறி, போதிய அழுத்தம். ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். பெட்ரோலுக்குப் பதிலாக நீர் உள்ளே போனால் எரிய ஒன்றுமில்லை, இயந்திரம் திணறும். துரு வடிகட்டியை அடைத்தால் பெட்ரோல் குறைந்து கலவை மெலியும். டர்போ இயந்திரம் கடுமையாக உழைக்கும்போது இது ஆபத்து. தீப்பொறியின் தீ வந்து சேருமுன்பே மீதிக் கலவை தானாக வெடித்து, 'நாக்கிங்' என்னும் தட்டல் உண்டாகும். அது தொடர்ந்தால் புதிய பிஸ்டனே சேதமடையும். எனவே, 'ஓட்டிப் பார்ப்போம்' என்பது இங்கே நல்ல யோசனையல்ல.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? இயந்திரத்தைப் பிரிக்காமல் செய்யக்கூடிய சோதனைகளை முதலில் செய்ய வேண்டும்.

முதலில், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்துவார்கள். நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் போதுமானதாகவும் ஏறக்குறைய சமமாகவும் இருந்தால், வளையங்களும் வால்வுகளும் நன்றாக அடைக்கின்றன என்று பொருள். இயந்திரத்தைப் பூட்டியவர் மீதான சந்தேகம் பெரிதும் குறையும். ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறியையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அடுத்து, எரிபொருள் குழாயின் அழுத்தம். இத்தகைய பல கார்களில் இது 3 பார் அளவில் இருக்கும். வேகம் கூடும்போது அழுத்தம் சரிந்தால், வடிகட்டி அடைத்திருக்கலாம் அல்லது பம்ப் பலவீனமாக இருக்கலாம். அழுத்தம் சரியாக இருந்தும் இயந்திரம் திணறினால், 'குழாயில் போவது பெட்ரோல்தானா?' என்று கேட்க வேண்டும்.

அதற்கு விடை ஒரு கண்ணாடிப் புட்டியில் இருக்கிறது. தொட்டியின் அடியிலிருந்து மாதிரி எடுத்து அசையாமல் வைப்பார்கள். ஒரு கன சென்டிமீட்டர் நீரின் பொருண்மை 1 கிராம். பெட்ரோலுக்குச் சுமார் 0.75 கிராம்தான். ஆகவே நீர் அடியில் தங்கி, இடையே தெளிவான கோடு தெரியும். துருவும் அடியில் படியும். பம்ப் உறிஞ்சுவதும் தொட்டியின் அடியிலிருந்துதான்! மேலே எடுத்த மாதிரி சுத்தமாகத் தெரிந்து நம்மை ஏமாற்றிவிடும்.

கோடு தெரியாவிட்டால் பெட்ரோல் நல்லது என்று முடிவு செய்யலாமா? கூடாது. டீசல் பெட்ரோலுடன் முழுமையாகக் கலந்துவிடும், தட்டலையும் தூண்டும். ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டால் பெட்ரோல் விரைவில் ஆவியாகும். டீசல் எண்ணெய்க்கறையாக நிற்கும்.

கடைசியாக உறுதிப்படுத்தும் சோதனை. வேறு எதையும் மாற்றாமல், தனிக் கலனிலிருந்து புதிய பெட்ரோலை இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த மாறிகள் நினைவிருக்கிறதா? எரிபொருள் தற்சார்பு மாறி. இயந்திரம் ஓடும் விதம் சார்பு மாறி. மற்றவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். திணறல் நின்றால் கோளாறு தொட்டியின் பக்கம்தான். பெட்ரோல், ஸ்பார்க் பிளக், வடிகட்டி மூன்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால், கார் சரியாகியிருக்கும். காரணம் மட்டும் தெரிந்திருக்காது.

காரணம் தெரியாவிட்டால் கோளாறு திரும்பி வரும். தொட்டியைக் கழுவி வடிகட்டியை மாற்றினால் மட்டும் போதாது. நீர் வந்த வழியையும் அடைக்க வேண்டும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால், அடுத்த மழையிலேயே தொட்டியில் மீண்டும் நீர் சேரும்.

ஓர் எச்சரிக்கை: பெட்ரோல், பூச்சியத்திற்குக் கீழே சுமார் 40 பாகை செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றும் அளவு ஆவியை வெளியிடும். இச்சோதனைகளைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் நீரும் சமையல் எண்ணெயும் போதும். இரண்டையும் ஒரு குவளையில் ஊற்றுங்கள். உறிஞ்சுகுழலின் மேல்முனையை விரலால் மூடியபடி அடிவரை இறக்கி, விரலைச் சற்று எடுத்து மீண்டும் மூடி, வெளியே எடுங்கள். குழலில் இருப்பது எது? காரின் பம்ப் உறிஞ்சியதும் அதைத்தான்.