ஒரே இழையம், இரு தேவைகள்: மூளை ஆய்வில் பொது ஆய்வக வசதிகள்

நரம்பு உடற்கூறியலும் நரம்பு வேதியியலும் ஒரே உறுப்பை ஆய்கின்றன; ஆயினும் அவ்வுறுப்பை ஒரே நிலையில் வேண்டுவதில்லை. பொது ஆய்வக வசதியைக் கருவிகளின் பகிர்வாக மட்டும் கருதும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

உடற்கூறியலார்க்கு வடிவம் சிதையாதிருத்தல் வேண்டும். ஃபார்மலின் புரதங்களிடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கி வடிவத்தைக் காக்கிறது. அப்பிணைப்புகளே நொதிகள் பலவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன, ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பதையும் கடினமாக்குகின்றன. வேதியியலார்க்கோ ஃபார்மலின் படாத, விரைந்து உறையவைத்த இழையம் தேவை. உறைதலில் தோன்றும் பனிப்படிகங்கள் செல்களைச் சிதைக்கக்கூடும் என்பது உடற்கூறியலாரின் கவலை. ஆகவே மூளை வங்கிகள் பலவற்றில் ஓர் அரைக்கோளம் ஃபார்மலினுக்கும் மற்றொன்று உறைகலனுக்கும் செல்கிறது. இந்தியாவில் இத்தகைய பொது வசதிக்கு முன்னோடி, 1995இல் பெங்களூரு நிம்ஹான்சில் தொடங்கப்பெற்ற மனித மூளை வங்கியாகும்.

கிண்டிக் காட்டை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் வேறொரு வழியைக் காட்டியது. 14 முதல் 24 வாரம் வரையிலான ஐந்து கருமூளைகளின் 5,132 சீவல்களை எண்ணிமப் படங்களாக்கி, ‘தரணி’ என்னும் முப்பரிமாணத் தொகுப்பாக 2024 டிசம்பரில் அது கட்டணமின்றி வெளியிட்டது. இங்குப் பகிரப்படுவது இழையம் அன்று, அதன் படிமம். நுண்சீவல் கருவியோ உறைகலனோ இல்லாத மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளரும் தம் கணினியிலேயே புறணியின் அடுக்குகளை ஆராயலாம். உடற்கூறியலுக்கு இது பெரும்பேறு.

வேதியியலுக்கு அவ்வாறு சொல்ல இயலாது. சாயம் காட்டியதையே படிமம் காட்டும். நிசில் சாயமேற்றிய சீவலில் செல்லுடலின் அமைப்பைக் காணலாம். அச்செல் டோபமின் சுரப்பதா என்பதை அச்சாயம் உரைக்காது. நோயெதிர்ப்புச் சாயமேற்றம் அதற்கு ஓரளவு உதவும் என்றாலும், எந்த எதிர்ப்பொருளைப் பயன்படுத்துவது என்பதைச் சீவலைப் படமெடுக்கும் முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும். பின்னர் எழும் வேதியியல் வினாவுக்கு மீண்டும் இழையமே தேவைப்படும்.

எனவே தீர்மானம் நிகழும் இடம் உபகரண அறையன்று, மூளை வந்துசேரும் மேசை. இறப்புக்குப் பின் கழிந்த நேரம், எப்பகுதி எதற்கு என்னும் ஒதுக்கீடு ஆகியவை அங்கேயே பதிவாக வேண்டும். அம்முடிவில் வேதியியலாரும் பங்குபெற வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை கிண்டி வளாகத்திலும் உடற்கூறியல் துறை தரமணி வளாகத்திலும் உள்ளன. இரண்டுக்கும் நடுவில்தான் ஐ.ஐ.டி. வளாகம் அமைந்திருக்கிறது. அந்த மேசையில் இரு துறையினரும் ஒருங்கே அமரத் தொலைவு ஒரு தடையன்று.